மைனஸ் முப்பதில் வண்டி கிளம்புமா, ஆள் கிளம்புவானா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: மைனஸ் 30, 40 டிகிரி குளிரில் ராணுவம் எப்படிச் சண்டை போடும்? துப்பாக்கி சுடுமா, வண்டி ஓடுமா? நெப்போலியனையும் ஹிட்லரையும் தோற்கடித்ததே ரஷ்யக் குளிர்தானே? இதெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில் தயங்கித் தயங்கி ஒரு வரி சேர்த்திருக்கிறார். சித்தப்பா மகனுக்கு ராணுவத்தில் முதல் போஸ்டிங்கே லடாக்கின் லே என்று வந்திருக்கிறதாம், நம்ம ஊர் வெயிலில் வளர்ந்த உடம்பு தாங்குமா என்று. கேள்வி நெப்போலியனைப் பற்றியதுபோல இருந்தாலும் அவர் கேட்க வந்தது அந்தக் கடைசி வரியைத்தான் என்று எனக்குப் படுகிறது. பதில் சொல்கிறேன், ஆனால் சுற்றிக்கொண்டுதான் வருவேன். வண்டி கிளம்பிய கதையைச் சொல்லாமல் ஆள் தாங்கிய கதையைச் சொல்ல எனக்கு வராது.

நான் அம்பாசமுத்திரம் பக்கம். ராணுவத்தில் இ.எம்.இ. என்கிற பழுதுபார்க்கும் பிரிவில் 17 வருஷம் வண்டி மெக்கானிக். அதில் இரண்டு குளிர்காலம் லடாக்கில் போனது. இப்போது ஊரில் டிராக்டரும் டிப்பரும் பார்க்கிற சின்ன ஒர்க் ஷாப். சியாச்சின் பனிமலை உச்சியில் இருக்கும் ராணுவ போஸ்ட்களில் நான் இருந்ததில்லை. அங்கிருந்து இறங்கி வந்தவர்களோடு ஒரே புகாரியைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான். புகாரி என்றால் கூடாரத்துக்குள் வைக்கும் தகர அடுப்பு. நான் டாக்டரும் இல்லை. ஆகவே வண்டி விஷயத்தில் நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உடம்பு விஷயத்தில் யூனிட் டாக்டர் பேச்சுதான் கடைசிப் பேச்சு. சரித்திரத்தில் நான் வெறும் வாசகன்.

மார்கழி மாசம் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பாருங்கள், சொட்டு விழாது. 24 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் அது வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். வெந்நீர்ச் செம்புக்குள் பாட்டிலை நிறுத்தி இளக்கித்தான் தலைக்கு வைப்போம். டீசலுக்கும் இதே கதைதான், கொஞ்சம் கூடுதல் குளிரில் நடக்கும். டீசலுக்குள் மெழுகு கரைந்து கிடக்கிறது. குளிர் கூடக்கூட அது பிரிந்து, முதலில் டீசல் கலங்கலாகும், அப்புறம் கூழாகும். டாங்க் நிறைய டீசல் இருக்கும், ஒரு துளி ஃபில்டரைத் தாண்டாது. இதற்காகத்தான் மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்கில் கொண்டுவந்தது. நான் இருந்தபோது அது கிடையாது. டீசலோடு மண்ணெண்ணெய் கலந்து ஒப்பேற்றுவோம்.

காலை 6 மணிக்குக் கான்வாய் கிளம்ப வேண்டுமென்றால் எங்களுக்கு 3 மணிக்கே விடிந்துவிடும். ராத்திரியே கழற்றி, புகாரிக்குப் பக்கத்தில் கம்பளி போர்த்தி வைத்திருந்த பேட்டரிகளைக் கைப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு வெளியே போவோம். என்ஜின் ஆயில் அல்வா பதத்துக்கு வந்திருக்கும். சம்ப் என்கிற ஆயில் தொட்டிக்கு அடியில் தகரத் தட்டில் கனலைத் தள்ளிச் சூடு காட்ட வேண்டும். சூடு கூடினால் வண்டியே எரிந்துபோகும், குறைந்தால் என்ஜின் அசையாது. பேட்டரி இருக்கிறதே, அதற்குள் நடப்பது ரசாயன வேலை, குளிரில் அது சோம்பிவிடும். மைனஸ் 18-இல் அது தரும் இழுவை பாதிக்கும் கீழே போய்விடும். அதே நேரத்தில், ஆயில் கெட்டியானதால் என்ஜின் கேட்கிற இழுவை இரண்டு மடங்காகியிருக்கும். சம்பளம் பாதியான மாசத்தில் கல்யாணச் செலவு வந்து நிற்கிற மாதிரி. இன்னொரு கூத்து: முழுச் சார்ஜில் இருக்கும் பேட்டரியின் ஆசிட் மைனஸ் 50 வரைக்கும் உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரியோ மைனஸ் 10 பக்கத்திலேயே உறைந்து பெட்டி விரிந்துவிடும். அதனால் கிளம்பாத வண்டியில் செல்ஃபை அடித்துக்கொண்டே இருந்தால் எங்கள் உஸ்தாத் ஓடிவந்து முதுகில் ஒன்று வைப்பார்.

என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இன்றைக்கும் மார்கழி பிறந்தால் விறுவிறுவென்று இழுக்கும். அது அந்த முதல் குளிர்காலத்தில் வாங்கியது. டீசல் லைனில் ஏர் லாக், அதாவது அடைத்து நிற்கும் காற்றை, எடுக்க ஒரு சின்ன நட்டைத் தளர்த்த வேண்டும். கையுறை போட்டால் நட்டு பிடிபடாது. ஒரு நிமிஷ வேலைதானே என்று கழற்றினேன். ஸ்பானர் தோலோடு ஒட்டியது. பிய்த்தேன். வலிக்கவில்லை. அந்த வலியில்லாமைதான் ஆபத்து என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. கசிந்த டீசல் விரலில் வழிந்தது, மைனஸ் 20-இல் இருக்கும் டீசலும் மைனஸ் 20-தான், அது தண்ணீர் மாதிரி உறைந்து காட்டாமல் வழிந்துகொண்டே சூட்டை உறிஞ்சும். இரண்டு விரல் நுனியும் மெழுகுபோல வெளுத்துவிட்டன. டாக்டர் காப்பாற்றிக் கொடுத்தார். பக்கத்து யூனிட்டில் ஒரு ராஜஸ்தான்காரனுக்கு அவ்வளவு அதிர்ஷ்டம் இல்லை.

ஒருமுறை கிளம்பிவிட்டால் வண்டியை அணைக்க மனசு வராது. சும்மா நிற்கிற வண்டி குடிக்கிற டீசலைச் சுமக்க இன்னொரு வண்டி வேண்டும், அந்த வண்டியும் ராத்திரி சும்மா நின்று குடிக்கும். சியாச்சின் பக்கம் உயரமான தளங்களில் இறங்கும் சீட்டா ஹெலிகாப்டரின் என்ஜினை அணைப்பதே இல்லை. சாமானை இறக்கி, ஆளை ஏற்றி, சுற்றிக்கொண்டிருக்கும் இறக்கையோடு கிளம்பிவிடும். அந்த உயரத்தில் அது தூக்குவதும் சில பத்து கிலோதான். போஸ்டில் ஒருத்தன் டீ குடிக்க எரிக்கும் மண்ணெண்ணெய்க்குப் பின்னால் எத்தனை கைகள், எத்தனை லிட்டர் எரிபொருள் என்று கணக்குப் போட்டால் தலை சுற்றும்.

துப்பாக்கி சுடுமா என்றால், சுடும், வெளியிலேயே வைத்திருந்தால். ஏசி பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடி மங்குகிறதல்லவா? குளிர்ந்த துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுபோனால் அதே மாதிரி உள்ளும் புறமும் வியர்க்கும். திரும்ப வெளியே எடுத்தால் அந்த ஈரம் போல்ட்டிலும் ஸ்பிரிங்கிலும் பனிக்கட்டியாகப் பூட்டிவிடும். அதனால் துப்பாக்கியைக் கூடாரத்துக்கு வெளியே மறைவில் நிறுத்திவிட்டு ஆள் மட்டும் உள்ளே போவான். நம் ஊரில் செருப்பைத்தான் வாசலில் விடுவோம். எண்ணெயும் வழக்கம்போலப் பூசக்கூடாது, பட்டும் படாமலும் துடைத்துவிட்டாலே போதும், இல்லாவிட்டால் அதுவே பசையாகும். குண்டு போகும் கணக்கும் மாறும். குளிர்ந்த மருந்து மெதுவாக எரிவதால் வேகம் குறைந்து குண்டு தாழும். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் தடை குறைந்து குண்டு மேலே, தூரமாகப் போகும். ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் இழுக்கும் இந்த இரண்டில் எது எவ்வளவு என்று அங்கே போய்ச் சுட்டுப் பார்த்துத்தான் குறியைத் திருத்திக்கொள்வார்கள். பீரங்கிக்காரர்கள் காற்றையும் வெப்பத்தையும் அளக்காமல் கை வைக்க மாட்டார்கள். ஆழமான பனியில் விழுந்த குண்டு புதைந்து வெடிப்பதால் சிதறல் குறையும். பதுங்குகுழி வெட்டலாம் என்றால், உறைந்த மண்ணில் கடப்பாரை துள்ளித் திரும்பும்.

சரி, இதெல்லாம் தனித்தனிச் சங்கடங்கள். இவற்றுக்கெல்லாம் அடியில் ஓடுவது ஒன்றுதான், அது நேரம். குளிர் ஒரு வேலையைச் செய்யவிடாமல் தடுப்பது குறைவு, அதை நாலு மடங்கு நேரத்துக்கு இழுப்பதுதான் அதிகம். இங்கே ஸ்டெப்னி மாற்ற 20 நிமிஷம். அங்கே ஒரு மணி நேரத்துக்கு மேல், நடுவில் மூன்று தடவை உள்ளே ஓடிக் கை காய்ச்ச வேண்டும். குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் பனியை உருக்க வேண்டும். புதுப் பனி என்றால் பத்து பாத்திரம் அள்ளினால் ஒரு பாத்திரம் தண்ணீர் கிடைக்கும். வெறும் பனியை அப்படியே பாத்திரத்தில் போட்டு அடுப்பில் ஏற்றினால் அடி கருகிப்போகும், கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதற்கு மேல்தான் பனியைப் போட வேண்டும் என்பதை லங்கர் என்கிற ராணுவச் சமையல்கூடத்தில் ஒரு பாத்திரத்தை ஓட்டையாக்கிய பிறகுதான் கற்றுக்கொண்டேன். லேயில் தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதில் பருப்பு எந்தக் காலத்திலும் வேகாது. குக்கர் இல்லாவிட்டால் பட்டினிதான். பாரா நிற்பவனைச் சீக்கிரம் சீக்கிரம் மாற்ற வேண்டும். ஆக 100 பேர் இருக்கும் கம்பெனியில் உண்மையிலேயே சண்டைக்கு நிற்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்பது, மிச்சப் பேர் தண்ணீர், தீ, பாதை, வண்டி என்று எதில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. குளிர்காலப் போரில் பாதிக்கு மேல் பராமரிப்பு வேலை என்று நான் சொன்னால் மெக்கானிக் தன் தொழிலைப் பெருமையடிக்கிறான் என்பார்கள். அடித்துவிட்டுப் போகிறேன்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மைனஸ் 20-இல் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 33 மாதிரி. பத்து நிமிஷத்திலிருந்து அரை மணிக்குள் தோல் உறைய ஆரம்பிக்கலாம். இந்தக் கணக்கு உயிருள்ள தோலுக்கு மட்டும்தான். வண்டி எத்தனை காற்றிலும் மைனஸ் 20-க்குக் கீழே போகாது, சீக்கிரமாக அந்த அளவுக்கு வந்துவிடும், அவ்வளவே. அதனால் செய்தியில் 'மைனஸ் 60' என்று பார்த்தால் அது தெர்மாமீட்டர் கணக்கா, தோல் கணக்கா என்று கேளுங்கள். மலைக் கதைகளில் எண்கள் எப்போதும் கொஞ்சம் ஏறித்தான் நிற்கும். கார்துங் லா கணவாயில் 18,380 அடி என்று பலகை வைத்து எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டோம். சரியாக அளந்தால் 17,600 அடிதான் வருகிறது.

உடம்புக்கு வருவோம். ஃப்ராஸ்ட்பைட் என்கிற பனிக்கடி விரல், மூக்கு, காது என்று ஓரங்களில்தான் பிடிக்கும், ஏனென்றால் உடம்பு நெஞ்சையும் வயிற்றையும் காப்பாற்ற ஓரத்து ரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஊசி குத்துவதுபோல வலித்தால் இன்னும் காலம் இருக்கிறது. வலி நின்று மரத்துப்போனால் ஓட வேண்டும். இதற்கு ஒரு பழைய வைத்தியம், பனியை எடுத்துத் தேய்ப்பது. நெப்போலியனின் படை மருத்துவர் லாரே சொன்னதை உலகமே நூறு வருஷத்துக்கு மேல் செய்தது. அது தவறு என்பது இன்று உறுதி. தேய்த்தால் உள்ளே இருக்கும் பனித் துகள்கள் சதையைக் கிழிக்கும். 37 முதல் 39 டிகிரி வரை இருக்கும் வெதுவெதுப்பான நீரில் வைப்பதுதான் முறை, அதுவும் திரும்ப உறையாது என்று நிச்சயம் இருந்தால் மட்டும். பாதி வழியில் இளக்கி மறுபடி உறையவிடுவதைவிட உறைந்த காலோடு நடந்து வருவது மேல். ரம் குடித்தால் சூடு ஏறும் என்பதும் பொய்ச் சூடு. ரத்தம் தோலுக்கு வந்து கன்னம் சிவக்கும், உள்ளே இருக்கும் சூடு வெளியே போய்விடும். ரம் பங்கீட்டை வேண்டாம் என்று சொன்ன ஒருத்தனையும் நான் பார்க்கவில்லை, என்னையும் சேர்த்துத்தான். முகத்தில் எண்ணெயோ களிம்போ பூசிக்கொண்டால் குளிர் தாக்காது என்பது இன்னொரு நம்பிக்கை. ஃபின்லாந்து ராணுவத்தில் ஆராய்ந்தபோது களிம்பு பூசியவர்களுக்குத்தான் முகத்தில் பனிக்கடி கூடுதலாக இருந்தது. பாதுகாப்பாக இருக்கிறோம் என்ற நினைப்பில் முகத்தை மூடாமல் விட்டார்களோ என்னவோ, காரணம் விவாதத்துக்குரியது.

நம் பக்கத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தராத ஆபத்து வியர்வை. குளிரப் போகிறது என்று பயந்து எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு மூட்டை தூக்கி ஏறுவான். உள்ளே நனையும். நின்றதும் அந்த ஈரம் ஐஸாகும். பழகியவர்கள் நடக்கும்போது லேசாகக் குளிர்கிற அளவுக்குத்தான் போட்டிருப்பார்கள், நின்றவுடன் மேலே ஒன்றைப் போட்டுக்கொள்வார்கள். வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உடுத்துவது இதற்காகத்தான். காலுக்கும் அதேதான். நடவு வயலில் நின்றவர்களுக்குச் சேற்றுப்புண் தெரியும். அதற்கு அண்ணன் ஒருவன் இருக்கிறான், டிரெஞ்ச் ஃபூட் என்று பெயர். அது கிருமியால் வருவதில்லை, நாள்கணக்கில் ஈரமும் குளிரும் சேர்ந்து பாதத்தின் நரம்பையும் ரத்த ஓட்டத்தையும் கெடுப்பதால் வருவது. மைனஸே தேவையில்லை, பூஜ்யத்துக்கு மேலேயே வரும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிச் சேற்றில் நின்ற ஆயிரக்கணக்கானோரின் கால்களைத் தின்றது அதுதான்.

இப்போது நெப்போலியன். 1812-இல் மாஸ்கோவிலிருந்து திரும்பும் வழியில் குளிர் அவன் படையைச் சிதைத்தது உண்மை. ஆனால் போகும் வழியிலேயே படை கரைந்துவிட்டிருந்தது. மினார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1869-இல் ஒரு படம் வரைந்தார். நீமன் ஆற்றைக் கடக்கும்போது 4,22,000 பேர் என்று தடித்த பட்டையாகத் தொடங்கி, மாஸ்கோவில் 1,00,000 என்று மெலிந்து, திரும்பி வரும்போது 10,000 என்று நூலாகிவிடும். பெரிய இழப்பு நடந்தது வெயில் காலத்தில், டைபஸ் காய்ச்சலாலும் பசியாலும் ஓடிப்போனவர்களாலும். படத்தின் அடியில் வெப்பநிலைக் கோடு திரும்பும் பயணத்துக்கு மட்டும்தான் போட்டிருக்கிறது. அதனால்தான் பார்க்கிறவன் மனசில் குளிர் மட்டும் தங்குகிறது என்பது என் ஊகம். வீரர்களின் தகரப் பொத்தான்கள் குளிரில் பொடிந்து உதிர்ந்ததால் படை அழிந்தது என்ற கதையை நம்பாதீர்கள். சுத்தமான வெள்ளீயம் நீண்ட நாள் குளிரில் பொடியாகும் என்பது வேதியியல். அது பொத்தானில் நடந்து படையைக் கவிழ்த்தது என்பதற்கு ஆதாரம் இல்லை. குதிரைகளுக்குப் பனியில் வழுக்காத லாடம் அடிக்காமல் போனது என்பதற்குக் கூட இருந்தவர்களின் சாட்சியே இருக்கிறது. எனக்கு அந்த லாடம்தான் முக்கியமாகப் படுகிறது. குதிரை விழுந்தால் பீரங்கி நிற்கும், சாப்பாட்டு வண்டி நிற்கும்.

ஹிட்லர் படைக்கும் 1941 டிசம்பரில் அதேதான். குளிருடை அறவே இல்லை என்பது சரியில்லை. இருந்தது, போலந்து பக்கம் ரயில்நிலையங்களில் கிடந்தது. ஓடுகிற ரயிலில் குண்டுக்கும் எரிபொருளுக்குமே இடம் போதவில்லை. ஜெர்மன் ரயில் என்ஜின்களின் தண்ணீர்க் குழாய்கள் வெளியே ஓடியதால் உறைந்து வெடித்தன. பூட்ஸ் அளவெடுத்த மாதிரி இறுக்கம், அடியில் இரும்பு ஆணி, அந்த ஆணி வழியே காலின் சூடு தரைக்கு இறங்கியது. ரஷ்யன் தொளதொள கம்பளி பூட்ஸில் நின்றான். குளிர் ரஷ்யனுக்கும் அதே குளிர்தான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1939 நவம்பர் 30-இல், அதே ரஷ்யன் ஃபின்லாந்துக்குள் நுழைந்து இதே பாடத்தை மறுபக்கத்திலிருந்து படித்தான். ராத்தே சாலையில் ஒரு முழு டிவிஷன் ஒரே பாதையில் வண்டியோடு நீட்டி நின்றது. ஃபின்லாந்துக்காரர்கள் வெள்ளை உடையில் பனிச்சறுக்குக் கட்டைகளில் காட்டுக்குள்ளிருந்து வந்து அதைத் துண்டு துண்டாக நறுக்கினார்கள், சமையல் வண்டிகளைத் தேடித் தேடி அடித்தார்கள். மைனஸ் 30-இல் சூடான சாப்பாடு போன படை எத்தனை நாள் நிற்கும்? ஆனாலும் 1940 மார்ச்சில் ஃபின்லாந்து நிலத்தை விட்டுக்கொடுத்துத்தான் சமாதானம் செய்தது. எண்ணிக்கைக்கு முன்னால் குளிர் ஓரளவுதான் கைகொடுக்கும்.

1950 கடைசியில் கொரியாவின் சோசின் ஏரிப் பக்கம் அமெரிக்க மருத்துவ உதவியாளர்கள் மார்ஃபின் ஊசிக் குழாயை வாயில் அடக்கி இளக்கி வைத்திருந்தார்கள். எதிரே துணி ஷூவில் வந்த சீனப் படையில் சண்டையில் விழுந்தவர்களைவிடக் குளிரில் விழுந்தவர்கள் அதிகம் என்பது சீனத் தரப்புக் கணக்கே. அதே குளிர்காலத்தில் கொரியாவில் நம் ஆட்களும் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் 60வது பாராசூட் கள மருத்துவப் பிரிவு. பியோங்யாங்கை விட்டு எல்லோரும் பின்வாங்கும்போது, மருந்துச் சாமான்களை விட்டுவர மனசில்லாமல், கைவிடப்பட்டுக் கிடந்த நீராவி என்ஜின் ஒன்றுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கிளப்பி, ரயிலாகவே ஓட்டிக்கொண்டு சியோல் வந்து சேர்ந்தார்கள். குளிரில் அணைந்து கிடந்த என்ஜினைக் கிளப்புவது என்ன பாடு என்று தெரிந்தவன் என்கிற முறையில் அந்த ஆட்களுக்கு இங்கிருந்தே ஒரு சல்யூட்.

நம் நாட்டுக் கணக்கில் பனி இரண்டு பக்கமும் ஆடியிருக்கிறது. 1962 சீனப் போரில் பருத்திச் சட்டையும் கேன்வாஸ் ஷூவுமாக ஆட்களை மலை ஏற்றியது நாம் செய்த தவறு. 1971-இல் போரை டிசம்பருக்குத் தள்ளியதற்கு ஒரு காரணம், இமயக் கணவாய்களைப் பனி மூடிவிடும், சீனா உள்ளே வர முடியாது என்பது. கார்கிலில் குளிருக்காக இரண்டு பக்கமும் காலி செய்துவந்த போஸ்ட்களில்தான் 1999-இல் எதிரி முன்னாடியே போய் உட்கார்ந்தான். 1984 ஏப்ரல் 13-இல் தொடங்கிய சியாச்சின் நடவடிக்கையில் குண்டைவிடக் குளிரும் உயரமும் பனிச்சரிவும் கொண்டுபோனவர்கள் அதிகம். 2016 பிப்ரவரி 3-இல் சியாச்சினின் சோனம் போஸ்டில் பனிச்சரிவில் சிக்கிய 10 பேரும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19வது பட்டாலியனோடு இருந்தவர்கள். அவர்களில், ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டியெடுத்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா பிப்ரவரி 11-இல் டெல்லியில் இறந்த அன்று நான் ஒர்க் ஷாப்பைத் திறக்கவில்லை.

ஆக, தம்பி, சித்தப்பா மகன் தாங்குவானா? தாங்குவான், அவசரப்படாமல் இருந்தால். 1962 நவம்பரில் ரெஸாங் லாவில் 16,000 அடிக்கு மேல் நின்று 110-க்கும் அதிகமானோர் உயிரைவிட்ட, 13வது குமாவோன் பட்டாலியனின் ஒரு கம்பெனி ஆட்கள் ஹரியானாச் சமவெளிக்காரர்கள். கோடையில் அவர்கள் ஊர் நம் ஊரைவிட மோசமாகக் காயும். மூச்சு விஷயத்தில் அமிர்தசரஸ்காரனும் அம்பாசமுத்திரத்துக்காரனும் ஒன்றுதான், இருவரும் கீழேயிருந்து போனவர்கள். லடாக்கிலேயே பிறந்தவன் கதை வேறு, அவனோடு போட்டி போட வேண்டாம். முதலில் அடிப்பது குளிர்கூட இல்லை, உயரம். 18,000 அடியில் காற்றழுத்தம் கீழே இருப்பதில் பாதி. ராணுவத்தில் இதற்குக் கட்டுப்பாடான முறை இருக்கிறது: 9,000 முதல் 12,000 அடிக்குள் 6 நாள், அடுத்த கட்டத்துக்கு 4 நாள், 15,000-க்கு மேலே போனால் இன்னும் 4 நாள். முதல் இரண்டு நாள் சும்மா படுத்துக் கிட என்பார்கள். நம்ம பையன்கள் அதில்தான் கோட்டை விடுவது. கபடி ஆடின உடம்பு, எனக்கெல்லாம் ஒன்றும் ஆகாது என்று ஓடிக் காட்டுவார்கள். நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் நோய்க்குப் பலசாலி, நோஞ்சான் என்ற வித்தியாசம் தெரியாது. நம் ராணுவ மருத்துவர்கள் 1,925 வீரர்களைப் பார்த்து 1969-இல் எழுதிய ஆய்வு உயர நோய்க்கு இன்றும் உலகம் எடுத்துப் பார்க்கும் ஒன்று. படுத்தால் மூச்சு முட்டுகிறது, இருமினால் நுரை வருகிறது என்றால் வெட்கப்படாமல் அந்த நிமிஷமே சொல்லச் சொல்லுங்கள். கீழே இறக்கிவிட்டால் பிழைக்கிற நோய் அது.

குளிருக்கு உடம்பு பழகுமா என்றால், உயரத்துக்குப் பழகுகிற அளவுக்குப் பழகாது. பழகுவது கைவேலைதான்: கையுறையோடு பொத்தான் போடுவது, பக்கத்தில் நிற்பவனின் மூக்கை அரை மணிக்கு ஒருதரம் பார்ப்பது, ராத்திரி சாக்ஸைக் கழற்றிக் காலைத் துடைத்து வேறு சாக்ஸ் போட்ட பிறகே படுப்பது, புகாரி எரியும்போது காற்று வர ஒரு சந்து விட்டு வைப்பது. கடைசியாகச் சொன்னதை விட்டுவிட்டுத் தூங்கிப் புகையில் எழுந்திருக்காமலே போனவர்கள் உண்டு.

வீட்டிலிருந்து என்ன கொடுத்துவிடலாம் என்று அவன் அம்மா கேட்பார்கள். ஸ்வெட்டர் வேண்டாம், அங்கே தருவதே நல்லது. சாக்ஸ் கொடுக்கலாம், கம்பளியில், பூட்ஸுக்குள் இறுக்காத அளவுக்கு. கருப்பட்டி கொடுக்கலாம், உயரத்தில் பசி செத்துப்போகும்போது இனிப்பு மட்டும்தான் இறங்கும். தேங்காய் எண்ணெய் கொடுப்பதாக இருந்தால் பாட்டிலில் வேண்டாம், வாயகன்ற டப்பாவில் கொடுங்கள். கரண்டியால் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.